ஸ்பெயினிடமிருந்து காலனிகள் விடுபட்டது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிமோன் பொலிவார் என்ற பெயரை எங்காவது கேள்விப்பட்டிருப்போம். அவர் எந்த ஊர்க்காரர், யாரை எதிர்த்தார், எப்படி ஜெயித்தார் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. எனக்கும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது. படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது: ‘ஸ்பானியர் ஒரு பக்கம், மண்ணின் மைந்தர் மறுபக்கம்’ என்று வைத்துக்கொண்டால் இந்தப் போர் புரியவே புரியாது. இரண்டு பக்கமும் நின்றவர்களில் பெரும்பாலோர் அதே மண்ணில் பிறந்தவர்கள். அடிமைகளும் கலப்பினத்தவரும் பழங்குடிகளும் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ, அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் தராசு இறங்கியது. கீழே உள்ள பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

எந்தெந்த நாடுகள் இதில் அடக்கம்? எத்தனை ஆண்டு நடந்தது?

1800 வாக்கில் வடக்கே கலிபோர்னியாவிலிருந்து தெற்கே சிலி வரை ஸ்பெயின் அரசரின் ஆட்சி. பிரேசில் மட்டும் போர்ச்சுகல் கையில். மெக்சிகோ நகரம், லிமா, பொகோட்டா, புவனஸ் அயர்ஸ் என நான்கு இடங்களில் வைஸ்ராய்கள் உட்கார்ந்து ஆண்டார்கள். இந்தப் பெருநிலம் முழுவதும் 1810க்கும் 1826க்கும் இடையில் கைவிட்டுப் போனது. கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் மூன்றும் 1898 வரை ஸ்பெயினிடம் இருந்தன. ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி விடுதலை பெற்றது 1968இல்தான்.

விடுதலை கேட்டவர்கள் யார்? அங்கே இருந்த பழங்குடிகளா?

முதலில் கேட்டவர்கள் அவர்கள் அல்ல. ஸ்பெயினில் பிறந்து, பதவிக்காகவோ வியாபாரத்துக்காகவோ கப்பலேறி வந்தவர்கள் பெனின்சுலார்கள். அதே ஸ்பானிய ரத்தம், ஆனால் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் கிரியோல்கள். நிலம், சுரங்கம், அடிமைகள் எல்லாம் கிரியோல்களிடம் ஏராளமாக இருந்தன. மேல்பதவி மட்டும் கிடையாது. முந்நூறு ஆண்டுகளில் வைஸ்ராய் ஆன கிரியோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூடவே வரி ஏறிக்கொண்டே போனது. ஸ்பெயினைத் தவிர யாரோடும் சட்டப்படி வியாபாரம் செய்யவும் முடியாது. இந்த எரிச்சல்தான் தொடக்கம்.

இவர்களுக்குக் கீழே மெஸ்திசோக்கள் (ஸ்பானியரும் பழங்குடியும் கலந்தவர்கள்), பார்தோக்கள் (ஆப்பிரிக்கக் கலப்பு உள்ள சுதந்திர மக்கள்), பழங்குடிகள், அடிமைகள். மொத்த மக்கள்தொகையில் பெரும்பங்கு இவர்கள்தான். கிரியோல் பண்ணையாருக்கு மாட்ரிட் மேல் இருந்த கோபத்தைவிட இவர்கள் மேல் இருந்த பயம் பெரிது. 1795இல் பார்தோக்கள் பணம் கட்டி வெள்ளையருக்குரிய அந்தஸ்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அரசர் ஆணை போட்டார். வெனிசுலாவின் கராகஸ் நகரத்துப் பெரிய குடும்பங்கள் கொதித்துப்போய் எதிர்ப்பு மனு அனுப்பின. பதினைந்து வருஷம் கழித்து அதே குடும்பங்கள் ‘சமத்துவம், சுதந்திரம்’ என்று பேசியபோது பார்தோக்கள் ஏன் நம்பவில்லை என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

1810க்கு முன்னால் கிளர்ச்சியே நடக்கவில்லையா?

நடந்தது. அதுவும் சாதாரணக் கிளர்ச்சி அல்ல. 1780 நவம்பரில் பெருவின் மலைப்பகுதியில் ஹோசே கப்ரியேல் கொண்டோர்கான்கி என்ற பழங்குடித் தலைவர், அந்தப் பகுதி அதிகாரி அந்தோனியோ தே அரியாகாவைப் பிடித்துத் தூக்கிலிட்டார். இங்கா அரச மரபில் வந்தவர் என்பதால் இரண்டாம் துப்பாக் அமாரு என்று பெயர் சூட்டிக்கொண்டார். அதிகாரிகள் வேண்டாத சரக்கை மக்கள் தலையில் கட்டி அநியாய விலை வசூலித்ததும், வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய ஆள்பிடிப்பு நடந்ததும் காரணம். பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அவருடைய மனைவி மிகாயேலா பஸ்திதாஸ் படைக்கு உணவு, ஆள், தகவல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். 1781 மே 18 அன்று கூஸ்கோ நகரச் சதுக்கத்தில் மனைவியையும் மூத்த மகனையும் அவர் கண்ணெதிரில் கொன்றுவிட்டு, அவரையும் கொன்றார்கள்.

இந்தக் கிளர்ச்சியைப் பார்த்துப் பெருவின் கிரியோல்கள் அரண்டுபோனார்கள். அந்தப் பயம் நாற்பது வருஷம் போகவில்லை. பெரு கடைசிவரை ஸ்பெயினின் கோட்டையாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் 1810இல் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் எப்படி வெடித்தது?

நெப்போலியனால். 1808இல் அவர் ஸ்பெயினுக்குள் படை நடத்தி, அரசர் நான்காம் சார்லஸையும் மகன் ஏழாம் பெர்டினாண்டையும் பிரான்சின் பயோன் நகருக்கு வரவழைத்து இருவரையும் முடி துறக்கவைத்தார். தன் அண்ணன் ஜோசப்பை மாட்ரிட் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார். ‘அரசர் இல்லாத இடத்தில் அதிகாரம் யாருடையது?’ என்ற கேள்வி கடல் கடந்து வந்தது. ‘மக்களிடம் திரும்பிவிட்டது’ என்று சொல்லி ஊருக்கு ஊர் ஜுண்டா எனப்படும் ஆட்சிக் குழுக்கள் முளைத்தன. 1809இல் லா பாஸ், கீட்டோ. 1810 ஏப்ரல் 19 கராகஸ், மே 25 புவனஸ் அயர்ஸ், ஜூலை 20 பொகோட்டா, செப்டம்பர் 18 சாந்தியாகோ.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஜுண்டாக்கள் பெரும்பாலும் ‘சிறையில் இருக்கும் எங்கள் அரசர் பெர்டினாண்டின் பெயரால்’ என்றே சத்தியம் செய்தன. சிலர் உண்மையாகவே சொன்னார்கள். சிலர் முகமூடியாகப் போட்டுக்கொண்டார்கள்.

பொகோட்டாவில் ஒரு பூச்சாடியால் புரட்சி வந்தது என்கிறார்களே, உண்மையா?

பூச்சாடி உண்மை. தற்செயல் என்பதுதான் பொய். கீட்டோவில் பிறந்த கிரியோல் ஒருவர், அந்தோனியோ வில்யாவிசென்சியோ, ஸ்பெயின் ஆட்சிக் குழுவின் பிரதிநிதியாகப் பொகோட்டாவுக்கு வருவதாக இருந்தது. அவருக்கு விருந்து வைக்க மேசையை அலங்கரிக்க வேண்டும் என்ற சாக்கில், சதுக்கத்து மூலையில் கடை வைத்திருந்த யோரென்தே என்ற ஸ்பானிய வியாபாரியிடம் பூச்சாடி இரவல் கேட்டுப் போனார்கள். ஆள் சிடுமூஞ்சி, கொடுக்கமாட்டார் என்று தெரிந்தேதான் போனார்கள். நாளும் பார்த்துத் தேர்ந்தெடுத்தது: வெள்ளிக்கிழமை, சந்தை நாள், சதுக்கம் நிறையக் கூட்டம். அவர் மறுத்தார், கைகலப்பு ஆனது, ‘கிரியோல்களைக் கேவலமாகப் பேசிவிட்டான்’ என்று கத்தினார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே தெருவில். அந்தக் கடைவீடு இன்று அருங்காட்சியகம். உடைந்த சாடியின் அடிப்பாகம் உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

முதலில் அமைந்த குடியரசுகள் ஏன் அவ்வளவு சீக்கிரம் கவிழ்ந்தன?

வெனிசுலாவை எடுத்துக்கொள்வோம், அங்கேதான் கதை மிகக் கொடுமையாக ஓடியது. 1811 ஜூலை 5 அன்று விடுதலை அறிவித்தார்கள். அரசியலமைப்பில் எல்லாரும் சமம் என்று எழுதினார்கள். ஓட்டு மட்டும் சொத்து உள்ளவனுக்கு. அடிமை முறை அப்படியே இருந்தது. தெற்கே யானோஸ் எனப்படும் பரந்த புல்வெளியில் காட்டுமாடு பிடித்துப் பிழைத்த யானேரோக்களுக்கு (யானைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சமவெளிக்காரன் என்று பொருள்) புதுச் சட்டம் போட்டு, மேய்ச்சல் நிலத்தைத் தனியார் சொத்தாக்கப் பார்த்தார்கள்.

1812 மார்ச் 26, பெரிய வியாழக்கிழமை (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்), கராகஸை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் தேவாலயத்துக்குள்ளேயே புதைந்தார்கள். கராகஸ் ஜுண்டா அமைத்ததும் 1810இல் ஒரு பெரிய வியாழக்கிழமைதான். அரசரை எதிர்த்ததற்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை என்று பாதிரிமார் பிரசங்கம் செய்ய இதைவிட என்ன வேண்டும்? ஜூலையில் குடியரசின் தலைவர் பிரான்சிஸ்கோ தே மிராண்டா சரணடைந்தார். கப்பலேற இருந்தவரைத் துரோகி என்று சொல்லிப் பிடித்து அடைத்தவர்களில் கராகஸ்காரரான பொலிவாரும் ஒருவர். மிராண்டா ஸ்பானியர் கையில் சிக்கி 1816இல் ஸ்பெயினின் காதிஸ் சிறையில் இறந்தார். பொலிவாருக்கோ ஊரைவிட்டுப் போக ஸ்பானியத் தளபதி கடவுச்சீட்டே கொடுத்தார். பொலிவாரைக் கொண்டாடுபவர்கள் வேகமாகப் புரட்டிவிடும் பக்கம் இது.

1813இல் பொலிவார் திரும்பி வந்து கராகஸைப் பிடித்தார். வழியில் த்ருஹில்யோ நகரில் ‘சாகும்வரை போர்’ என்ற ஆணை: ஸ்பானியன் நடுநிலையாக இருந்தாலும் சாவு, அமெரிக்கன் குற்றம் செய்திருந்தாலும் மன்னிப்பு. அடுத்த வருஷமே எல்லாம் போனது. போகடித்தவர் ஹோசே தோமாஸ் போவெஸ், ஸ்பெயினில் பிறந்து யானோஸில் மாட்டு வியாபாரம் பார்த்தவர். ‘வெள்ளைப் பண்ணையாரின் சொத்து உங்களுக்கு’ என்று யானேரோக்களைத் திரட்டினார். அரசரின் பெயரால் நடந்தது, ஆனால் உள்ளே இருந்தது வேறு கணக்கு. 1814 ஜூலையில் போவெஸ் வருகிறார் என்ற செய்தி கேட்டுக் கராகஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாகக் கிழக்கே ஓடினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்த டிசம்பரில் போவெஸ் போர்க்களத்தில் ஈட்டி பாய்ந்து இறந்தார். அவருடைய குதிரைக்காரர்கள் தலைவன் இல்லாமல் நின்றார்கள். பொலிவாரின் அடுத்த அத்தியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாம் இழந்த பொலிவார் எப்படித் திரும்பி வந்தார்?

ஹைத்தி வழியாக. 1804இல் பிரெஞ்சுக்காரர்களை விரட்டி முன்னாள் அடிமைகள் அமைத்த குடியரசு அது. அதன் அதிபர் அலெக்சாண்டர் பெத்தியோன் கப்பல், துப்பாக்கி, வெடிமருந்து எல்லாம் கொடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்று: விடுவிக்கும் நிலத்தில் அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும். அடிமைகள் நிறைந்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பொலிவார் சம்மதித்தார். 1816இல் கரையிறங்கியதும் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார்.

அப்புறம் யானேரோக்கள். அவர்களுக்கு இப்போது தலைவர் ஹோசே அந்தோனியோ பாயேஸ், அவரும் புல்வெளி ஆள்தான். 1817இல் பறிமுதல் சொத்துகளைப் படைவீரருக்குப் பங்கிட்டுத் தருவதாகப் பொலிவார் சட்டம் போட்டார். போவெஸ் வாயால் சொன்னதைப் பொலிவார் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்லலாம். (அந்தக் காகிதங்களை வீரர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கி, பாயேஸ் போன்ற தளபதிகள் பெரிய நிலக்கிழார் ஆனது பின்கதை.) அதே ஆண்டு, பார்தோ தளபதி மானுவேல் பியாரைக் கலகக் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றதும் பொலிவார்தான். கீழ்த்தட்டு வீரர்கள் வேண்டும், அவர்களில் இருந்து இன்னொரு தலைவன் மட்டும் வேண்டாம்.

1819இல் அவர் எடுத்த முடிவைப் பைத்தியக்காரத்தனம் என்றே சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் யாரும் படை நகர்த்தமாட்டார்கள். அவர் நகர்த்தினார். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், வெள்ளக்காடான புல்வெளியில் இடுப்பளவு தண்ணீரில் நாள்கணக்காக நடந்து, அப்புறம் மலையேறி, பிஸ்பா என்ற உயர்வெளியைக் கடந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,900 மீட்டர். யானேரோக்கள் வெயில் நாட்டு ஆட்கள், பலருக்கு இடுப்புத்துணி தவிர வேறு உடை கிடையாது. குளிர்மழை. குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை, உறங்கிவிடாமல் இருக்க ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு நடந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் மலைக்கு அந்தப்புறம் சோச்சா என்ற சிற்றூரில் இறங்கியபோது அது படை மாதிரியே இல்லை. அந்த ஊரில் வழங்கும் கதை இது: பாதிரியார் பூசைக்கு வந்தவர்களை உள்ளே வைத்துத் தேவாலயக் கதவைச் சாத்திவிட்டு, ‘உடுத்தியிருப்பதில் மானத்துக்குப் போக மிச்சத்தைக் கழற்றிக் கொடுங்கள்’ என்றாராம். பெண்களின் பாவாடையும் போர்வையும் சட்டையும் தைத்துப் படைக்கு உடுப்பாயின.

ஜூலை 25 அன்று பந்தானோ தே வார்காஸ் சதுப்பில் போர் கையைவிட்டுப் போகும் நேரத்தில், ‘கர்னல், நாட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று பொலிவார் கேட்க, ஹோசே ரொண்டோன் என்ற யானேரோ 14 ஈட்டி வீரர்களோடு மேட்டை நோக்கிப் பாய்ந்து நிலைமையைத் திருப்பினார் என்பார்கள். ஆகஸ்ட் 7 அன்று பொயாக்கா பாலம். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பாறையிடுக்கில் ஒளிந்திருந்த ஸ்பானியத் தளபதி பர்ரேய்ரோவைப் பிடித்தவன் பெத்ரோ பஸ்காசியோ மார்த்தினெஸ் என்ற 12 வயதுப் பையன். தங்கக் காசு நீட்டியும் விடவில்லை. பொகோட்டாவில் இருந்த வைஸ்ராய் மாறுவேடத்தில் ஓடினார்.

தெற்கே சான் மார்த்தின் செய்தது என்ன?

பொலிவார் சூறாவளி என்றால் ஹோசே தே சான் மார்த்தின் கணக்குப்பிள்ளை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு இருவரில் இவரைத்தான் அதிகம் பிடிக்கும். இன்றைய அர்ஜென்டினாவில் பிறந்து, இருபது வருஷத்துக்கும் மேல் ஸ்பெயின் ராணுவத்தில் வேலை பார்த்து, 1812இல் ஊர் திரும்பியவர். பெருவை வடக்கே பொலிவியா மலை வழியாகத் தாக்கிப் பார்த்துப் பலமுறை தோற்றிருந்தார்கள். இவர் வேறு வழி சொன்னார்: ஆண்டீஸைக் கடந்து சிலியைப் பிடி, அங்கிருந்து கப்பலில் லிமாவுக்குப் போ.

மென்தோசா நகரில் ஆளுநராக உட்கார்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் தயார் செய்தார். லூயிஸ் பெல்த்ரான் என்ற பிரான்சிஸ்கன் துறவி பட்டறை போட்டுப் பீரங்கி வார்த்தார். உலோகம் போதாமல் கோயில் மணிகளும் உருகின. காலாட்படையில் பெரும்பகுதி விடுதலை தருவதாகச் சொல்லிச் சேர்த்த கருப்பின அடிமைகள். மலைப்பாதை தெரியவேண்டும், வரைபடம் கிடையாது. என்ன செய்தார்? ஆல்வாரெஸ் கொண்டார்கோ என்ற பொறியாளரிடம் அர்ஜென்டினா விடுதலை அறிவிப்பின் பிரதியைக் கொடுத்து, சிலியின் ஸ்பானிய ஆளுநரிடம் சேர்க்கச் சொல்லி நீளமான கணவாய் வழியாக அனுப்பினார். ஆளுநர் கடுப்பாகிக் காகிதத்தை எரித்துவிட்டு, ஆளைக் குறுக்குவழியில் துரத்துவார் என்பது கணக்கு. அப்படியே நடந்தது. போகும்போது ஒரு பாதை, வரும்போது ஒரு பாதை, இரண்டையும் மனப்பாடம் செய்து வந்து வரைந்து கொடுத்தார். பெவென்சே பழங்குடிகளைக் கூட்டிவைத்து ‘தெற்குக் கணவாய் வழியே போகப்போகிறேன், அனுமதி கொடுங்கள்’ என்று கேட்டதும் அதே மாதிரிதான். செய்தி எதிரிக்குப் போகும் என்று தெரிந்தே சொன்னார். ஆளுநர் படையைத் தெற்கு வடக்காகப் பிரித்து நிறுத்தினார்.

1817 ஜனவரியில் சுமார் 5,000 பேர் ஆறு கணவாய்கள் வழியாகக் கிளம்பினார்கள். கூடவே 9,000க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள், 1,600 குதிரைகள். உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சியை இடித்து, கொழுப்பும் மிளகாயும் சேர்த்த பொடிதான் சாப்பாடு. வெந்நீர் ஊற்றினால் தயார். மலை மூச்சுத்திணறலுக்கு வெங்காயமும் பூண்டும். கழுதைகளில் பாதிகூட மறுபுறம் சேரவில்லை. பிப்ரவரி 12 அன்று சாகாபுகோவில் வெற்றி, அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று மைப்பூவில் வெற்றி. சிலி கையில் வந்தது. பிறகு பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டு வந்த கொக்ரேன் தலைமையில் கப்பற்படை அமைத்து, 1820 செப்டம்பரில் பெருக் கரையில் இறங்கினார். 1821 ஜூலை 28 அன்று லிமாவில் விடுதலை அறிவிப்பு. ஆனால் மலைப்பகுதி முழுவதும் வைஸ்ராயிடமே இருந்தது.

பொலிவாரும் சான் மார்த்தினும் குவாயாகிலில் (இன்றைய எக்குவடோரின் துறைமுக நகரம்) சந்தித்தபோது என்ன பேசினார்கள்?

1822 ஜூலை 26, 27 தேதிகளில் அறைக்குள் இருவர் மட்டும். சாட்சி இல்லை. இரண்டாம் நாள் இரவு நடன விருந்தின் நடுவிலேயே சான் மார்த்தின் கிளம்பிக் கப்பலேறினார். செப்டம்பரில் பெருவின் தலைமைப் பதவியை விட்டார். 1850இல் பிரான்சில் இறந்தார். பெருவில் படையில்லாமல் தவித்தவர், படை வைத்திருந்தவருக்கு இடம் விட்டார் என்பது என் ஊகம்.

கடைசிப் போர் எது?

பெருவின் அயாகூச்சோ, 1824 டிசம்பர் 9. பொலிவாரின் தளபதி அந்தோனியோ ஹோசே தே சுக்ரேயிடம் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, வைஸ்ராய் லா செர்னாவிடம் ஒன்பதாயிரத்துக்கு மேல். வைஸ்ராயின் படையில் ஐரோப்பியர் மிகச் சொற்பம், மற்றவர்கள் பெரு மலைவாசிகள். போர் தொடங்குவதற்கு முன், எதிரெதிர்ப் படைகளில் உறவும் நட்பும் உள்ளவர்கள் நடுவெளிக்கு வந்து கட்டித் தழுவி விடைபெற அனுமதித்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். குருக்ஷேத்திரம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. பிற்பகலுக்குள் வைஸ்ராயே காயத்தோடு சிறைப்பட்டார். காயாவ் துறைமுகக் கோட்டை மட்டும் 1826 ஜனவரி வரை பட்டினியோடு தாக்குப்பிடித்தது.

இதில் ஸ்பெயினே செய்த உதவியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்ப காதிஸ் அருகே திரட்டிய படை 1820 ஜனவரி 1 அன்று ரியேகோ என்ற அதிகாரி தலைமையில் கலகம் செய்து, கப்பலேற மறுத்தது. அதன்பின் பெரிய படை எதுவும் வரவில்லை.

மெக்சிகோவின் கதை ஏன் வேறு மாதிரி?

அங்கே கீழிருந்து தொடங்கி மேலிருந்து முடிந்தது. 1810 செப்டம்பர் 16, ஞாயிறு அதிகாலை, தோலோரெஸ் கிராமப் பாதிரியார் மிகேல் இதால்கோ தேவாலய மணியடித்து மக்களைக் கூட்டினார். குவாதலூப்பே மாதா படம்தான் கொடி. கையில் கிடைத்த அரிவாள், கம்பு, கவண். பன்னிரண்டு நாளில் வெள்ளிச் சுரங்க நகரமான குவானாஹுவாத்தோவில், அல்ஓந்திகா என்ற தானியக் கிடங்குக்குள் பதுங்கியிருந்த ஸ்பானியரையும் கிரியோல்களையும் கூட்டம் கொன்று தீர்த்தது. அதோடு மெக்சிகோவின் கிரியோல்களில் பலர் அரசர் பக்கம் ஒதுங்கினார்கள். எண்பதாயிரம் பேரோடு தலைநகரின் வாசல்வரை போன இதால்கோ ஏனோ திரும்பிவிட்டார். 1811 ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்று, அவர் தலையையும் மூன்று தோழர்களின் தலைகளையும் அதே கிடங்கின் நான்கு மூலைகளில் கூண்டில் தொங்கவிட்டார்கள். பத்து வருஷம் தொங்கின.

அடுத்து வந்த ஹோசே மரியா மொரேலோஸும் பாதிரியார், கலப்பினத்தவர், போர் தெரிந்தவர். அடிமை முறையும் சாதிப் பிரிவும் ஒழிய வேண்டும் என்று 1813இல் எழுதிவைத்தார். 1815 டிசம்பரில் அவரையும் சுட்டார்கள். விடுதலையை முடித்துவைத்தது யார் தெரியுமா? மொரேலோஸின் படையை வேட்டையாடிய கிரியோல் அதிகாரி அகுஸ்தின் தே இத்தூர்பிதே. 1820 கலகத்துக்குப் பின் ஸ்பெயினில் வந்த தாராளவாத அரசு திருச்சபையின் சலுகைகளில் கைவைக்க, ‘இதற்குத் தனியாகப் போவதே மேல்’ என்று மேல்தட்டு நினைத்தது. மலையில் போராடிக்கொண்டிருந்த விசெந்தே குவெரேரோவோடு இத்தூர்பிதே கைகோத்து, 1821 செப்டம்பர் 27 அன்று தலைநகருக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டு தானே பேரரசர் ஆனார். 1824இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

ரத்தம் சிந்தாமல் விடுதலை பெற்ற நாடு உண்டா?

பராகுவே, 1811 மே. ஓர் இரவில் படைமுகாமைப் பிடித்து ஆளுநரை ஒத்துக்கொள்ளவைத்தார்கள். மத்திய அமெரிக்கா, 1821 செப்டம்பர் 15. கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினார்கள், அவ்வளவுதான்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

பொகோட்டாவில் தையல்காரியாக வீடு வீடாகப் போய் ஸ்பானிய அதிகாரிகளின் பேச்சைக் கேட்டுச் சொன்னவர் பொலிகார்ப்பா சாலவாரியெத்தா. 1817 நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். இன்றைய பொலிவியாவில் ஹுவானா அசுர்துய் படை நடத்தினார். மெக்சிகோவில் இதால்கோவும் தோழர்களும் போட்ட சதித்திட்டம் வெளியே தெரிந்துவிட்டது என்று எச்சரித்தவர் ஹோசெஃபா ஒர்தீஸ், கெரேத்தாரோ நகர அதிகாரியின் மனைவி. கணவர் அறையில் வைத்துப் பூட்டிவிட, குதிகாலால் தரையைத் தட்டிக் கீழ்வீட்டில் இருந்த சிறைக் காவலரை அழைத்துச் செய்தி அனுப்பினார். அந்தத் தட்டல் இல்லாவிட்டால் தோலோரெஸில் மணி அடித்திருக்காது.

பழங்குடிகள் சிலர் ஸ்பெயின் அரசருக்காகப் போராடினார்களாமே?

ஆமாம். கொலம்பியாவின் தெற்கே பாஸ்தோ பகுதி மக்கள் பொலிவாரைப் பலமுறை முட்டுக்கட்டை போட்டு நிறுத்தினார்கள். அவர்களின் தலைவர் அகுஸ்தின் அகுவாலோங்கோவை 1824இல் குடியரசு சுட்டுக் கொன்றது. காரணம் புரியாததல்ல. பழங்குடிகளின் பொதுநிலத்துக்கு அரசரின் சட்டம் ஏதோ ஒரு வேலி. புதுக் குடியரசுகள் ‘எல்லாரும் சமமான குடிமக்கள்’ என்று அந்த நிலத்தைத் துண்டுபோட்டு விற்க வழி செய்தன. தூரத்தில் இருக்கும் ராஜாவைவிடப் பக்கத்தில் இருக்கும் பண்ணையார் ஆபத்து என்று அவர்கள் போட்ட கணக்கு தப்பவில்லை.

பிரிட்டனும் அமெரிக்காவும் உதவினவா?

பிரிட்டன் அரசு நேரடியாக இல்லை. நெப்போலியன் போர் முடிந்து வேலையில்லாமல் நின்ற பிரிட்டிஷ், ஐரிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் பொலிவாரிடம் கூலிக்குச் சேர்ந்தார்கள். லண்டன் வட்டிக்கடைகள் கடன் கொடுத்தன. 1820களின் முடிவுக்குள் ஏறக்குறைய எல்லா நாடுகளும் தவணை கட்டமுடியாமல் நின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஃபுளோரிடாவை ஸ்பெயினிடமிருந்து வாங்கி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை, 1822இல்தான் அங்கீகாரம்.

கியூபாவும் பிலிப்பைன்ஸும் ஏன் 1898 வரை காத்திருந்தன?

கியூபாவில் சர்க்கரை, சர்க்கரைக்கு அடிமைகள். பக்கத்து ஹைத்தி போல ஆகிவிடுமோ என்ற பயத்தில் பண்ணையார்கள் ஸ்பெயின் படை இருப்பதையே விரும்பினார்கள். 1868 அக்டோபர் 10 அன்று செஸ்பெதெஸ் என்ற பண்ணையார் தன் அடிமைகளை விடுவித்துக் கலகம் தொடங்கினார். பத்து வருஷம் போராடியும் முடியவில்லை. சமரசத்தை ஏற்க மறுத்தவர் அந்தோனியோ மசேயோ என்ற கருப்பினத் தளபதி. 1895இல் மீண்டும் போர். கவிஞர் ஹோசே மார்த்தி கியூபாவில் கரையிறங்கி ஆறு வாரத்துக்குள் களத்தில் இறந்தார். ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராம மக்களை முள்கம்பிக்குள் அடைக்க, பசியிலும் நோயிலும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்கு இறங்கியது; கியூபா ஸ்பெயின் கையைவிட்டுப் போனது.

பிலிப்பைன்ஸில் மருத்துவரும் எழுத்தாளருமான ஹோசே ரிசாலை 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றார்கள். அந்த்ரேஸ் பொனிபாசியோ தொடங்கிய கத்திப்புனான் ரகசிய இயக்கம் ஆயுதம் தூக்கியது; பொனிபாசியோவைக் கொன்றது சக புரட்சிக்காரர்களே. 1898 ஜூன் 12 அன்று எமிலியோ அகினால்தோ விடுதலை அறிவித்தார். மணிலாவைச் சுற்றி நின்றது பிலிப்பினோ படை. ஆனால் ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியரும் அமெரிக்கரும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரு பொய்ச் சண்டை போட்டு, நகரம் அமெரிக்கர் கைக்குப் போனது. பிலிப்பினோக்கள் வெளியே நின்று பார்த்தார்கள். டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலருக்குத் தீவுகள் கைமாறின. அடுத்த போர் அமெரிக்காவோடு.

இதில் சென்னைக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

சின்னதாக ஒன்று. 1762இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை கப்பலேறியது மதராசில்தான், சிப்பாய்களும் போனார்கள். 1764இல் படை திரும்பியபோது சில சிப்பாய்கள் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் குடும்பமாகிவிட்டார்கள். ஸ்பெயின் தோற்கக்கூடியது என்று பிலிப்பினோக்கள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். வடக்கே தியேகோ சிலாங் கலகம் செய்ததும் அந்தச் சமயமே.

போரிட்ட அடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததா?

துப்பாக்கி பிடித்து உயிரோடு மிஞ்சியவர்கள் பலருக்குக் கிடைத்தது. அடிமை முறை போனதா என்றால், சிலியில் 1823, மத்திய அமெரிக்காவில் 1824, மெக்சிகோவில் 1829. பொலிவாரின் சொந்த வெனிசுலாவில் 1854. பெத்தியோனிடம் வாக்குக் கொடுத்து முப்பத்தெட்டு வருஷம் கழித்து.

பல நாடுகளின் சுதந்திர தினம், போர் முடிந்த நாளாக இல்லையே, ஏன்?

அவர்கள் கொண்டாடுவது தொடங்கிய நாளை. கொலம்பியாவுக்குப் பூச்சாடி உடைந்த ஜூலை 20. சிலிக்கு 1810 ஜுண்டா அமைந்த செப்டம்பர் 18. அர்ஜென்டினா ஜுண்டா அமைந்த மே 25, விடுதலை அறிவித்த ஜூலை 9 என இரண்டையும் கொண்டாடுகிறது. பிலிப்பைன்ஸ், அமெரிக்கா விடுதலை கொடுத்த ஜூலை 4ஐத்தான் முதலில் கொண்டாடியது. 1962இல் அதை மாற்றி அகினால்தோவின் ஜூன் 12க்குப் போனது. மெக்சிகோவில் செப்டம்பர் 15 இரவு அதிபர் மாளிகை உப்பரிகைக்கு வந்து, தோலோரெஸில் அடித்த அதே மணியை அடித்து, இதால்கோ, மொரேலோஸ், ஹோசெஃபா ஒர்தீஸ் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி ‘வாழ்க’ என்பார். கீழே சதுக்கத்தில் கூட்டம் திருப்பிக் கத்தும். விடுதலையை முடித்துவைத்த இத்தூர்பிதேவின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதில்லை.